அணுவின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அணுவைத் துளைத்தேழ் கடலைப் புகட்டி" என்று ஔவையார் அன்றே அணுப்பிளவைப் பாடிவிட்டார் என மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அந்த வெண்பா திருக்குறளின் சுருக்கத்தைப் புகழ்கிறது. திருவள்ளுவமாலையிலேயே இடைக்காடர் பெயரில் உள்ள பாடல் "கடுகைத் துளைத்து" என்கிறது. அணு இருந்த இடத்தில் கடுகை வைத்தாலும் பொருள் மாறவில்லை. மிகச் சிறியது என்பதற்கு மேல் அங்கே அணுவுக்கு வேலை இல்லை. அதை இயற்பியலாக்கினால் அறிவியலும் கிடைக்காது, கவிதையும் போய்விடும்.

கிரேக்கர்கள் பக்கமும் இதே பிழை நடக்கிறது. பண்டைய கிரேக்க மெய்யியலாளர் டெமாக்ரிட்டஸ் அணுவைக் "கண்டுபிடித்தார்" என்று எழுதுகிறோம். புளிப்புக்குக் காரணம் முனைகள் கொண்ட அணுக்கள், இனிப்புக்கு உருண்டையானவை என்று எண்ணியவர் அவர். 1808இல் நூல் வெளியிட்ட ஆங்கில வேதியியலாளர் ஜான் டால்டனின் அணு தராசிலிருந்து வந்தது. இன்றைய எடையில் சொன்னால், 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராமுடன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. சரியாக இரு மடங்கு, நடுவில் எதுவும் இல்லை. அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தால்தான் இப்படி வரும். இந்தக் கணக்கு டெமாக்ரிட்டஸிடம் கிடையாது.

அதற்காக, பழையவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள் என்று ஒதுக்குவதும் தவறு. எனக்கு இதுதான் கூடுதல் வருத்தம். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்றார் டெமாக்ரிட்டஸுக்கு முந்தைய கிரேக்க மெய்யியலாளர் பார்மெனிடீஸ். அப்படியானால் உலகில் மாற்றம் எப்படி நிகழ்கிறது? அணுக்கள் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. கூடுகின்றன, பிரிகின்றன என்பது டெமாக்ரிட்டஸ் போன்ற அணுவாதிகளின் விடை. அதே எழுத்துகள் வரிசை மாறினால் வேறு சொல் ஆவதை இதற்கு உவமையாக்குகிறார் அரிஸ்டாட்டில். இன்று வேதியியல் வகுப்பில் சமன்பாட்டின் இருபுறமும் அணுக்களை எண்ணிச் சரிபார்க்கும் மாணவி அந்த விடையைத்தான் கையாள்கிறாள்.

தாக்கம் என்று சொன்னால் அது வந்த வழியையும் காட்ட வேண்டும். கிரேக்க அணுவாதத்தைப் பாடிய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நெடுங்கவிதைப் படியை 1417இல் இத்தாலிய அறிஞர் போஜியோ பிராச்சியோலினி ஒரு மடத்தில் கண்டெடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியாரும் மெய்யியலாளருமான காசெண்டி அணுக்களைக் கடவுள் படைத்தவையாக மாற்றிக் கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு ஏற்புடையதாக்கினார். பிறகு பாயில், நியூட்டன், டால்டன். அணுவைப் பேசிய பழைய இந்தியத் தத்துவமான கணாதரின் வைசேஷிகம் நுட்பமான சிந்தனை, அதன் சொந்த பலத்தில் நிற்பது. ஆனால் காலத்தால் முந்தியது என்ற ஒரே காரணத்துக்காக அதை டால்டனுக்கு மூலமாக்கக் கூடாது.

இன்னொன்று. வெயில் கீற்றில் ஆடும் தூசியைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் முட்டுவதன் அடையாளம் என்றார் லுக்ரீஷியஸ். மூலக்கூறுகள் முட்டுவதால் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதே பிரௌனியன் இயக்கம்; அதை அவர் அன்றே விளக்கிவிட்டார் என்பார்கள். அறைத் தூசியை அலைக்கழிப்பது பெரும்பாலும் காற்றோட்டம்தான். ஆனாலும் தெரியும் துடிப்பிலிருந்து தெரியாததை ஊகித்த அந்த முறை சரியானது. அந்தத் துடிப்புக்கு ஐன்ஸ்டைன் 1905இல் போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் நுண்ணோக்கியின் கீழே நீரில் மிதந்த மஞ்சள் பிசின் துகள்களின் அசைவை அளந்தார். அணு உண்டா என்ற பழைய சந்தேகம் அந்த அளவீடுகளில்தான் தீர்ந்தது.