மரச்சீனியை விட்ட பிறகு ரத்தப் பரிசோதனை: எங்கே தவறுகிறோம்?

குமரி மாவட்டத்தில் மாவுச்சத்தைக் குறைப்பது சோற்றோடு முடிகிற காரியமல்ல. காலையில் புட்டும் ஏத்தன்பழமும், சாயங்காலம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், நடுவில் சீனி போட்ட கட்டன்சாயாவும் போக வேண்டும். இப்படி இருந்தவர் முட்டை, மீன், தேங்காய், கீரை என்று மாறினால் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிவிடும். லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் நார்மல் அளவுகளோ, எல்லோரையும்போலச் சாப்பிடுகிறவர்களை மனதில் வைத்துப் போட்டவை. இது தெரியாமல் சிலர் பயப்படுகிறார்கள். அரைகுறையாகத் தெரிந்த சிலர் எதற்குமே பயப்பட மறுக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் கவலை.

முதலில் மாத்திரை விஷயம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் அளவைக் குறைக்காமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்து மிகக் குறைந்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறி உயிருக்கே உலை வைக்கும். அப்போதும் சர்க்கரை 250க்குக் கீழேயே இருக்கலாம். வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால் 180 என்று காட்டும், வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சுவாங்கலும் இருக்கும், ஆள் கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்திருப்பார். அந்த நிலையில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே போக வேண்டும். மாத்திரையின் பெயரை மறக்காமல் சொல்ல வேண்டும். இந்த உணவுமுறைக்கு மாறும் முன்பே டாக்டரைப் பார்த்தால் அவர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். நாமாக நிறுத்துவதும் தப்பு.

உணவு மாறும் முன்பே ஒரு பரிசோதனை எடுத்து வைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து யூரிக் அமிலம் 7.8 என்று வந்தால், அது முன்பே அப்படித்தான் இருந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

வெறும் வயிறு என்றால் 10 முதல் 12 மணி நேரம், தண்ணீர் மட்டும். "அண்ணே, ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று லேபில் கேட்டால், "ஒண்ணும் சாப்பிடலியே, பட்டர் டீ மட்டும்தான்" என்பார்கள். சீனி இல்லாவிட்டால் கணக்கில்லை என்ற நினைப்பு. வெண்ணெய் உள்ளே போனதுமே டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறத் தொடங்கிவிடும். இதற்கு நேர்மாறாக, விரதம் பழகியவர்கள் 18 மணி நேரம் காய்ந்துவிட்டு வருவார்கள். அதுவும் கொழுப்பு அளவுகளைப் புரட்டும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போய்விட்டு, வேலை முடிந்து அப்படியே லேபுக்கு வருகிறவர்கள் உண்டு. கடும் உழைப்புக்குப் பின், ஈரலுக்காகப் பார்க்கும் எஸ்ஜிஓடி கூடுதலாகக் காட்டலாம், அது ஈரல் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில நாள் ஓய்வெடுத்துவிட்டு வரலாம்.

காலைச் சர்க்கரை 105, 110 என்று நிற்கும், எச்பிஏ1சி நன்றாக இருக்கும். குறைமாவு உணவில் இது பலருக்கு வருவதுதான். ஆனால் எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு. இரண்டு வாரத்தில் அதைப் பார்ப்பது காசுக்குக் கேடு. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது கூட்டிக் காட்டலாம், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கும் பரிசோதனை இன்னும் வம்பு. அதற்கு முந்தைய மூன்று நாளாவது தினமும் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத சர்க்கரை நோயைக் காட்டிவிடும். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். அவர்கள் சாப்பாட்டைக் குறைத்திருந்தால் நர்ஸிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் டாக்டரைக் கேட்காமல் இந்த உணவுமுறையே வேண்டாம் என்பேன்.

அடுத்தது கொலஸ்ட்ரால். டிரைகிளிசரைடு குறையும், நல்ல கொலஸ்ட்ரால் எனும் எச்டிஎல் கூடும், எல்லோருக்கும் சந்தோஷம். கெட்ட கொலஸ்ட்ரால் எனும் எல்டிஎல் மட்டும் சிலருக்குச் சரசரவென்று ஏறும். உடனே, "இந்த டயட்டில் எல்டிஎல் ஒரு பொருட்டே இல்லை" என்று ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். எடை வேகமாக இறங்கும்போது எடுத்த அளவு என்றால், எடை நிலைத்துச் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கலாம். பல லேபுகள் எல்டிஎல்லைக் கணக்குப் போட்டுத்தான் சொல்கின்றன. டிரைகிளிசரைடு மிகக் குறைவாக இருந்தால் அந்தக் கணக்கு பிசகும், நேரடியாக அளக்கச் சொல்லலாம். இவ்வளவுக்குப் பிறகும் 190க்கு மேல் நின்றால், அதிலும் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், டாக்டரைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. நம் ஊர்க் குறைமாவுத் தட்டில் தேங்காய் எண்ணெய்தான் ராஜா. அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவது. மீனை வறுக்காமல் குழம்பு வைத்தாலே ஒரு மாற்றம் தெரியலாம்.

யூரிக் அமிலம் முதல் சில வாரங்களில் பலருக்கும் கொஞ்சம் ஏறும். கீட்டோன்கள் அது சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும். அதோடு தினமும் சாளையும் நெத்திலியுமாகச் சாப்பிட்டால், இரண்டிலும் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம் என்பதால், கால் பெருவிரல் வீங்கிய பழைய கதை இருப்பவர்கள் மீனை மாற்றிக்கொள்வது நல்லது.

சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எடுக்கும் முந்தைய ராத்திரி மாட்டிறைச்சி வறுவலை விட்டுவிடுங்கள், வெந்த இறைச்சியே அளவை ஏற்றும். முடிக்காக பயோட்டின் வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

"டாக்டர் திட்டுவார்" என்று உணவைப் பற்றி வாயே திறக்காமல் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டுகிறவர்கள் அதிகம். சிறுநீரில் கீட்டோன் இரண்டு பிளஸ் என்று பார்த்தால், சர்க்கரை முற்றிவிட்டது என்றுதானே அவர் நினைப்பார்? என்றிலிருந்து சோறு நிறுத்தினீர்கள், என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு பின் பண்ணிக் கொடுத்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவரிடமும் இதையே சொல்லுங்கள்.