குடும்பம் தேறிவிட்டதா என்று பார்க்கப் போகிறவர்களுக்கு

நான் போட்ட ஒரு தப்பு மார்க்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செங்கம் பக்கம் எங்கள் ஊராட்சி மகளிர் கூட்டமைப்பில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். குழுக் கடன் வாங்கின குடும்பம் மேலே வந்திருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் என் வேலைதான். மேட்டுத்தெருவில் ஒரு அக்கா வீடு. தளம் போட்டாயிற்று. இரண்டு கறவை மாடு, பால் சொசைட்டியில் பத்து நாளைக்கு ஒரு பில், வீட்டுக்காரருக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பெரிய பெண் காலேஜ் முதல் வருஷம். நோட்டில் "தேறிவிட்டது" என்று எழுதிக் கோடு போட்டு மூடினேன். மூன்றே மாசத்தில் அவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. நாற்பது நாளுக்குள் இரண்டு மாடும் சந்தைக்குப் போயின, நகை அடகுக்குப் போனது, பெண் காலேஜை விட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினாள்.

நான் எழுதினதில் ஒன்றும் பொய் இல்லை. எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். வராமல் போனால் என்ன ஆகும் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பயிற்சியில், குடும்பத்தின் நிலையை அளக்க அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பயன்படுத்துகிற படிவம் என்று ஒன்றைக் காட்டினார்கள். 18 தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். வீடு, வேலை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, போக்குவரத்து, குடிப்பழக்கம் என்று போகும். யோசனை நல்லதுதான். ஆனால் எங்கள் கைக்கு வந்த தாளில் கடனுக்குத் தனி இடமே இல்லை. கடனை விட்டுவிட்டு நம்ம ஊரில் எந்தக் குடும்பத்தை அளப்பது? அதனால் நாங்கள் உட்கார்ந்து எட்டாகச் சுருக்கினோம்: சாப்பாடு, வருமானம், கடன், வீடு, உடம்பு, படிப்பு, காகிதம், வீட்டுக்குள்ளே நிலவரம்.

மார்க்குக்குப் பெயர் வைத்தது ஒரு பாட்டி. கிணற்றில் நீச்சல் பழகின ஆள். 1 என்றால் முழுகுது. 2 என்றால் தத்தளிக்குது. 3, கால் தரையில் தட்டுது. 4, படியைப் பிடிச்சு நிக்குது. 5, இன்னொருத்தருக்குக் கை கொடுக்குது. இப்படிச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

போகிற நேரம் முக்கியம். காலையில் போகாதீர்கள், யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்தபின் போங்கள். படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அதோடு கதை முடிந்தது. அரசு கொடுக்கிற மகளிர் உரிமைத்தொகையை நிறுத்த வந்திருக்கிறாள், ரேஷன் கார்டை வெட்ட வந்திருக்கிறாள் என்ற பயத்தில் இருக்கிற ஆட்டுக்குட்டியும் இல்லாமல் போய்விடும். "இது நம்ம குழு நோட்டு, ஆபீசுக்குப் போகாது" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

சாப்பாட்டில் "வயிறு நிறையச் சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். மானம் இருக்கிறதே. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசிக்குக் காசு கிடையாது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு என்றால் மாசம் 35 கிலோ. ஆகவே எங்கள் பக்கம் பசி அரிசிப் பானையில் தெரியாது, குழம்புச் சட்டியில்தான் தெரியும். "ரேஷன் அரிசி எந்தத் தேதி வரைக்கும் வரும்? நேத்து குழம்பு என்ன? முட்டை வாங்கி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். மூன்று நாளும் ரசமும் ஊறுகாயும் என்றால் 2. இன்னொன்று, பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியச் சத்துணவும் அங்கேயே ஆகிவிடுகிறது. மே மாசம் அந்த இரண்டு வேளையும் வீட்டுத் தலையில் விழும். அதனால் சாப்பாட்டை நான் மே மாசத்தில்தான் பார்க்கிறேன்.

வருமானத்தை மாசக் கணக்காகக் கேட்காதீர்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும்போது இருக்கிற கூலி ஆடியில் இருக்காது. பன்னிரண்டு மாசத்துக்கும் பன்னிரண்டு கட்டம் போட்டு, எது காய்ந்த மாசம் என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதைவிட எத்தனை இடத்திலிருந்து வருகிறது என்று எண்ணுங்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே செங்கல் சூளை என்றால் அது ஒரே வருமானம்தான். மழை பெய்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். உரிமைத்தொகை, மாமியாருக்கு வருகிற முதியோர் பென்ஷன், இதையெல்லாம் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். கழித்துவிடாதீர்கள், ஆனால் உழைத்து வருவதோடு கலக்கவும் வேண்டாம். கைத்தடி வைத்து நடக்கிறவரும் நடக்கத்தான் செய்கிறார். தடியை எடுத்தால் எத்தனை அடி போவார் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இனி கடன். பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். மொத்தம் எவ்வளவு என்பதில் பாதிதான் தெரியும். யாரிடம், என்ன வட்டிக்கு, எதற்காக என்பதில்தான் மீதி. குழுக் கடன், கூட்டுறவு வங்கி நகைக் கடன், வாரம் கட்டுகிற பைனான்ஸ், தண்டல், நேரம் ஆக ஆக ஏறுகிற மீட்டர் வட்டி, சொந்தக்காரர் கைமாத்து என்று வரிசையாகக் கேளுங்கள், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். "மூணு வட்டி" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நூற்றுக்கு மாசம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36. தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பான். தினம் 100 ரூபாய், நூறு நாள். 1,500 தானே என்று தோன்றும். தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாகப் பார்த்தால் 4,000 சொச்சம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் வருஷ வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிப் போகிறது. இதை ஒரு கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சாயங்காலம் வாசலில் தண்டல்காரன் பைக் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

கடனில் எங்கள் விதி ஒன்றுதான்: ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கியிருந்தால் 1. வருமானம் இருபதாயிரம் வந்தாலும் 1. மாடு வாங்க வாங்கின கடனை மாட்டுப் பாலே கட்டுகிறது என்றால் தாராளமாக 4. இன்னொரு அடையாளமும் உண்டு, சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. தாலிக் கயிற்றில் தங்கம் இருக்கிற இடத்தில் மஞ்சள் துண்டு கோத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். கேட்கவும் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு மூன்று கேள்வி போதும். ஒழுகுகிறதா, பட்டா யார் பெயரில், கக்கூசில் ஆள் போகிறார்களா இல்லை விறகு அடுக்கியிருக்கிறதா. படிப்புக்கும் அப்படித்தான்: பேர் பதிந்திருக்கிறதா என்று கேட்காமல் போன வாரம் எத்தனை நாள் போனான் என்று கேளுங்கள். காகிதத்தில் ஆதார், சாதிச் சான்று, பாஸ்புக் எல்லாம் பெரும்பாலும் இருக்கும். இல்லாமல் இருப்பது இறப்புச் சான்று. அது இல்லாததால் வாரிசுச் சான்றும் வாங்க முடியாமல் நிற்கிற விதவைகள் எங்கள் ஊராட்சியிலேயே மூன்று பேர்.

உடம்புக்கு, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கிற அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், ஆனாலும் பாதி அட்டை அப்படியே கிடக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் கிடைக்கும், குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இருக்கிறதே என்று 4 போட்டுவிடாதீர்கள். மேட்டுத்தெரு அக்காவிடமும் அட்டை இருந்தது. ஆபரேஷன் அதில் ஆகிவிட்டது. அவர்களைச் சாய்த்தது பஸ் செலவும், கூட இருந்தவர் சாப்பாட்டுச் செலவும், ஐந்து மாசம் நின்றுபோன கூலியும்தான்.

வீட்டுக்குள்ளே நிலவரம் என்றால் குடி, அடிதடி. புருஷன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கவே கூடாது. இதற்கு நாங்கள் மார்க்கை நோட்டில் எழுதுவதில்லை, யாராவது பிரித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் ஆபத்து. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ மட்டும் அவர்கள் போனில் வேறு பெயரில் போட்டுவைத்துவிட்டு வருவேன்.

எட்டும் முடிந்தபின், அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி. "சம்பாதிக்கிறவங்க நாளைக்கே மூணு மாசம் படுத்துட்டா, முதல்ல எது போகும்?" ஆடு, அப்புறம் நகை, அப்புறம் மாடு என்று வரிசை வந்தால் பிடிக்க மூணு படி இருக்கிறது என்று அர்த்தம். "பொண்ணை வேலைக்கு அனுப்பணும்" என்பதுதான் முதல் பதில் என்றால், வீடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் 2-க்கு மேல் போடாதீர்கள்.

மார்க்கைக் கூட்டவே கூட்டாதீர்கள். நாற்பதுக்கு இருபத்தொன்பது என்றால் பள்ளிக்கூடத்தில் பாஸ். இங்கே ஏழு இடத்தில் 4 வாங்கி கடனில் 1 வாங்கின குடும்பம் அந்த ஒன்றால்தான் கவிழும். எது குறைவோ அதுதான் அந்தக் குடும்பத்தின் மார்க். அடுத்த ஆறு மாசத்துக்குக் குழுவின் வேலையும் அதுதான். கேரளாவில் அதிதீவிர வறுமையில் இருந்த 64,006 குடும்பங்களைக் கண்டெடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தத் தனித்தனியாக என்பதுதான். ஒரு வீட்டுக்கு மாடும், பக்கத்து வீட்டுக்கு இறப்புச் சான்றும் தேவையாக இருக்கும்.

ஒப்பிடும்போது தையைத் தையோடு ஒப்பிடுங்கள். தையில் அறுவடைக் காசும் பொங்கல் பரிசும் இருக்கும். அதை ஆடியோடு வைத்துப் பார்த்து "இறங்கிட்டாங்க" என்று எழுதுவது நம்ம முட்டாள்தனம். முடிந்தவரை அதே ஆளே போகட்டும்.

கடைசியாக, மார்க்கை முதலில் போடுவது அவர்கள். தரையில் எட்டு கட்டம் போட்டு ஒரு கை புளியங்கொட்டை கொடுத்துவிடுங்கள். அவர்கள் வைத்தபின் நீங்கள் வையுங்கள். வித்தியாசம் வருகிற கட்டத்தில்தான் பேச்சு ஆரம்பிக்கும்.

போன தையில் மேட்டுத்தெருவுக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் இப்போது வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். ஒரு மாடு திரும்ப வந்திருக்கிறது. பெண் திருப்பூரிலிருந்தே தபால் வழியில் டிகிரி படிக்கிறாள். அக்கா கடன் கட்டத்தில் மூன்று கொட்டை வைத்தார். பைனான்ஸ் எல்லாம் முடிந்துவிட்டதே என்று நான் நான்காவதை வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"எடு அதை. வளையல் இன்னும் பேங்க்லதான் இருக்குது."