குவார்ட்டர்பேக் கான்ட்ராக்ட்: கப்பு ஜெயிக்கணும்னா டீம்கள் தவிர்க்க வேண்டிய தப்புகள்

2025 பிப்ரவரில நடந்த சூப்பர் பௌல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக்கான NFL-ஓட இறுதிப் போட்டியைப் பாத்தவங்களுக்கு அந்த காட்சி இன்னும் கண்ணு முன்னாடி நிக்கும். கான்சஸ் சிட்டி சீஃப்ஸோட குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்தறவர்) பேட்ரிக் மஹோம்ஸ், பத்து வருஷத்துக்கு 450 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட் வாங்குன மனுஷன், பந்தை வாங்கி நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள ஆளுங்க மேல வந்து விழுறாங்க. 6 தடவை சாக், அதாவது பந்தை வீசறதுக்கு முன்னாடியே அவரை சாய்ச்சுட்டாங்க. எதிர் டீம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அதுக்கு கூடுதலா ஆளைக்கூட அனுப்பல, முன்னாடி நின்ன நாலு பேரே போதுமா இருந்துச்சு. சீஃப்ஸ்ல லெஃப்ட் டாக்கிளா (இடது ஓரத்துல நின்னு குவார்ட்டர்பேக்கைக் காக்கறவர்) நின்ன ஜோ தூனி அசல்ல ஒரு கார்டு (உள்பக்கம் நிக்கறவர்), அந்த இடத்துக்கு சரியான ஆள் அமையாம சீசன் கடைசியில அவரை நகத்தி வச்சிருந்தாங்க. ஈகிள்ஸ் 40-22-ன்னு ஜெயிச்சாங்க.

உலகத்துலயே பெஸ்ட் குவார்ட்டர்பேக் இருந்தாலும் அவரைக் காப்பாத்த ஆள் இல்லேன்னா அவ்வளவுதான், நிறைய டீம் சறுக்கறது இங்கதான். 2025-ல ஒரு டீமோட சாலரி கேப், அதாவது மொத்த சம்பளத்துக்கான உச்சவரம்பு, 279.2 மில்லியன் டாலர், அதுக்குள்ள 53 பேரை வச்சு ஓட்டணும். டாலஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டோட கான்ட்ராக்ட் வருஷத்துக்கு சராசரி 60 மில்லியன், அதாவது அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல ஒரே ஆளுக்கு. மிச்சத்துலதான் லைன் (முன்னாடி நின்னு காக்கறவங்க), டிஃபென்ஸ், ரிசீவர் (வீசற பந்தைப் பிடிக்கறவங்க) எல்லாம்.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிற கதை நியூயார்க் ஜயன்ட்ஸ்தான். 2022-ல அவங்க குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ் பரவாயில்லாம ஆடுனாரு, 15 டச்டவுன் பாஸ் (புள்ளியில முடியற வீச்சு), பிளேஆஃப்ல ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க, உடனே 2023 மார்ச்ல 4 வருஷத்துக்கு 160 மில்லியன் குடுத்துட்டாங்க. ஒரே ஒரு நல்ல சீசனை நம்பி இவ்வளவு பெரிய கான்ட்ராக்ட் போடவே கூடாது. அடுத்த வருஷம், பந்தோட ஓடற ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி கிளம்பி அதே டிவிஷன்ல இருக்கற ஈகிள்ஸுக்குப் போனாரு, வெறும் 37.75 மில்லியன், 3 வருஷம். அங்க போய் 2024-ல 2,005 யார்டு ஓடி சாம்பியன் மோதிரமும் வாங்கிட்டாரு, ஜோன்ஸை அந்த நவம்பர்லயே ஜயன்ட்ஸ் வெளிய அனுப்பிட்டாங்க. பார்க்லி இருந்திருந்தா ஜயன்ட்ஸ் ஜெயிச்சிருக்கும்னு நான் சொல்ல வரல, அவருக்கு வழி விடறதுக்கு ஈகிள்ஸ்ல இருந்த மாதிரி ஒரு லைன் அங்க இல்லவே இல்ல. எது உண்மையிலயே தேவைன்னு பாக்காம குவார்ட்டர்பேக் இடம் நிரம்பிடுச்சுன்னு நிம்மதி ஆனதுதான் அங்க நடந்த தப்பு.

அப்புறம் போனஸ் விஷயம். சைனிங் போனஸை (கையெழுத்து போடறதுக்குத் தர்ற பணம்) கையில மொத்தமா குடுத்துட்டு, கேப் கணக்குல அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரிச்சு எழுதலாம். 50 மில்லியன்னா வருஷத்துக்கு 10. கேக்க சுகமா இருக்கும். ஆனா ரெண்டு வருஷத்துல ஆளை அனுப்பிட்டா மிச்சம் 30 மில்லியன் தலையில வந்து விழும், அதுக்குப் பேருதான் டெட் மணி. டென்வர் 2022-ல குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை டிரேட்ல வாங்கி, அவரு அவங்களுக்காக ஒரு மேட்ச்கூட ஆடறதுக்கு முன்னாடியே 245 மில்லியன் எக்ஸ்டென்ஷன் போட்டாங்க, 2024 மார்ச்ல அனுப்பும்போது ரெண்டு வருஷத்துல 85 மில்லியன் டெட் மணி. அவங்க தப்பிச்சது டிராஃப்ட்ல (காலேஜ் ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கறது) வந்த குவார்ட்டர்பேக் போ நிக்ஸால, ரூக்கிக்கான (புதுசா வர்றவங்களுக்கான) குறைஞ்ச சம்பளம்கிறதால அந்த சுமையோடயே பிளேஆஃப் போக முடிஞ்சுது.

கிளீவ்லேண்டுக்கு அந்த வழிகூட இல்ல. குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை வாங்க 3 முதல் ரவுண்டு பிக்கையும் (டிராஃப்ட்ல ஆள் எடுக்கற உரிமை) அவரோட பழைய டீமுக்குக் குடுத்து, அவருக்கு 230 மில்லியனையும் முழுசா கேரன்டி பண்ணிட்டாங்க. காசும் போச்சு, மலிவா ஆள் எடுக்கற பிக்கும் போச்சு. ரெண்டையும் ஒண்ணா குடுத்துட்டா கைய கட்டிப் போட்டுக்கிட்ட மாதிரிதான்.

டாலஸ் வேற மாதிரி, அவங்க குடுக்க வேண்டியதை இழுத்துக்கிட்டே இருப்பாங்க. பிரெஸ்காட்டுக்கு 2024 சீசன் முதல் மேட்ச் அன்னிக்குத்தான் கையெழுத்து, அதுக்குள்ள ரேட் எங்கயோ போயிடுச்சு. ஆள் வேணும்னு முடிவு பண்ணிட்டா சீக்கிரம் முடிங்க, கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் வேற ஒரு குவார்ட்டர்பேக் புது உச்சத்துக்கு கையெழுத்து போடுவாரு.

குவார்ட்டர்பேக்குக்குப் பெரிய கான்ட்ராக்ட் குடுத்தப்புறமும் டீம் கட்ட முடியும். 2022-ல சீஃப்ஸ் அவங்க ஸ்டார் ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பி 5 பிக் வாங்குனாங்க, அப்ப எல்லாரும் திட்டுனாங்க. அந்த வருஷ டிராஃப்ட்ல டிரென்ட் மெக்டஃபி, ஜார்ஜ் கார்லாஃப்டிஸ், ஏழாவது ரவுண்டுல பச்சேகோன்னு ஆள் பிடிச்சாங்க, அடுத்த ரெண்டு சூப்பர் பௌலும் அவங்களுக்குத்தான்.

குவார்ட்டர்பேக் ரூக்கி சம்பளத்துல மலிவா இருக்கற வருஷங்களை வீணாக்கறதும் பெரிய தப்பு, ஆனா சில சமயம் எல்லாம் சரியா பண்ணாலும் கைக்கு வராது. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி 2022 டிராஃப்ட்ல கடைசி ஆள், 262-வது பிக், 2023-ல சம்பளம் ஒரு மில்லியன்கூட இல்ல. அந்த மிச்சத்தை வச்சுத்தான் ஃபார்ட்டிநைனர்ஸ் நட்சத்திரங்களா நிரப்புனாங்க, ஆனா அந்த சீசன் சூப்பர் பௌல் ஓவர்டைம்ல 25-22-ன்னு கைநழுவிப் போச்சு. 2025 மார்ச்ல டீபோ சாமுவேல் வாஷிங்டனுக்கு, கிரீன்லாவும் ஹுஃபாங்காவும் டென்வருக்கு, சார்வேரியஸ் வார்டு இண்டியானபோலிஸுக்குன்னு ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க. பர்டியோட 265 மில்லியன் கான்ட்ராக்ட் வந்தது அதுக்கப்புறம், மே மாசத்துல.