கண்மாய்க் கரைக்கு ஏற்ற ஸ்பாட்டிங் ஸ்கோப்: முதன்முறை வாங்குகிறவர்களுக்கு

மதுரைக்குப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்க் கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தால் நடுத்தண்ணீரில் ஒரு வாத்துக் கூட்டம் இருப்பது தெரியும். அது என்ன வாத்து என்பது தெரியாது. கிட்டே போய்ப் பார்ப்போம் என்று கரையை விட்டு இறங்கினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இரை எடுக்கிற பறவையை நம் ஆர்வத்துக்காக விரட்டக் கூடாது. அதற்குத்தான் ஸ்பாட்டிங் ஸ்கோப்: டிரைபாட் எனும் முக்காலியில் பொருத்தி, தூரத்துப் பறவையை ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி.

வாங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மதுரை வெயிலில் நீங்கள் பெரும்பாலும் பயன்படுத்தப் போவது 20 முதல் 30 மடங்குதான்.

படி 1: எங்கே பார்க்கப் போகிறீர்கள்?

கையில் பைனாகுலர் இல்லையென்றால் முதலில் 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) ஒன்றை வாங்குங்கள். பறவையைத் தேடிப் பிடிப்பது பைனாகுலரில்தான். பிடித்ததை நின்று நிதானமாகப் பார்ப்பதற்கு ஸ்கோப். அழகர்மலை மாதிரி மரம் அடர்ந்த இடத்தில் கிளைக்குக் கிளை தாவுகிற குருவியை ஸ்கோப்பில் பார்க்கவே முடியாது.

கண்மாயும் பாறைக் குன்றும்தான் ஸ்கோப்புக்கான இடங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருக்கின்றன. பாறை இடுக்கில் அவை உட்கார்ந்திருக்கும்போது மேலே ஏறத் தேவையில்லை, ஏறவும் கூடாது. அடிவாரத்தில் தள்ளி நின்றே பார்க்கலாம்.

படி 2: முன் லென்ஸின் அளவு

20-60×80 என்று போட்டிருந்தால் 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை ஜூம், முன் லென்ஸின் விட்டம் 80 மி.மீ. என்று பொருள். விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 20 மடங்கில் 4 மி.மீ. வரும். 60 மடங்கில் 1.3 மி.மீ.தான் வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. ஸ்கோப்பை வெளிச்சமான பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஐபீஸிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி) ஒரு அடி பின்னால் நின்று பாருங்கள். கண்ணாடியின் நடுவே ஒரு சின்ன வெளிச்ச வட்டம் மிதக்கும். ஜூம் வளையத்தைத் திருகத் திருக அது சுருங்கிக்கொண்டே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது சுருங்கினால் படமும் மங்கும்.

80 மி.மீ. ஸ்கோப் விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் கூடுதல் வெளிச்சம் தரும், ஆனால் கனம். கரையில் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கும் பேருந்தில் போகிறவர்களுக்கும் 65 மி.மீ. போதும். நான் சொல்வது 65தான். வீட்டில் கிடக்கிற பெரிய ஸ்கோப்பை விடத் தோளில் தூக்கிப் போகிற சின்ன ஸ்கோப் மேல். உள்ளங்கை அளவுக் குழலில் 100 மடங்கு, 300 மடங்கு என்று இணையத்தில் வரும் விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 3: கானலைக் கணக்கில் எடுங்கள்

இதுதான் நம் ஊருக்கு முக்கியம். வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று எழும்பும். ஸ்கோப்பில் பார்த்தால் பறவை தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். பெருக்கத்தைக் கூட்டினால் நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பச்சைக்காலி, சதுப்புநில உள்ளான் என்ற இரண்டு கரையோரப் பறவைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டுக்கும் பச்சை சாயலில் நீளக் கால். பச்சைக்காலியின் அலகு அடியில் தடித்து, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சதுப்புநில உள்ளானின் அலகு ஊசி போல மெலிந்து நேராக இருக்கும். காலை ஏழு மணிக்கு 30 மடங்கில் அந்த வளைவு தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் 60 மடங்கில் பார்த்தால் எல்லா அலகும் வளைந்துதான் தெரியும்.

ஆகவே காலையிலேயே போங்கள். கண்மாயின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் சரியாகத் தெரியும். சூரியன் இருக்கும் திசைக்கு ஸ்கோப்பைத் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும். குழந்தைகள் கூட இருந்தால் ஸ்கோப்பை விட்டு நகராதீர்கள்.

இன்னொன்று: 20 மடங்கில் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 35 மீட்டர் அகலம் தெரியும். 60 மடங்கில் ஏறக்குறைய அதில் பாதிதான். எப்போதும் 20இல் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.

படி 4: நேரா, சாய்வா?

ஐபீஸ் 45 டிகிரி சாய்ந்த மாடலை வாங்குங்கள். பாறை உச்சியைப் பார்க்கக் கழுத்து வலிக்காது, உயரம் வேறுபட்ட நாலு பேர் மாறி மாறிப் பார்க்கலாம். காருக்குள் இருந்தே பார்ப்பவர்களுக்கு மட்டும் நேர் மாடல் வசதி.

படி 5: டிரைபாட்

பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்குங்கள். கரையில் காற்று வீசும். 30 மடங்கில் டிரைபாட்டின் கால் லேசாக நடுங்கினாலும் பறவை படத்தை விட்டே ஓடிவிடும். செல்போனுக்கு விற்கிற மெல்லிய டிரைபாட் ஆகாது. தடித்த கால், எந்தப் பக்கமும் வழுக்கினாற்போல் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் (ஸ்கோப்பை மாட்டும் தலைப்பகுதி), இரண்டும் வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

படி 6: கடையில் சோதிப்பது

கடை வாசலுக்கு எடுத்து வந்து தூரத்து செல்போன் டவரைப் பாருங்கள். வானத்தை ஒட்டிய கம்பி விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு தடிமனாகத் தெரிந்தால் கண்ணாடி சுமார் ரகம். இ.டி. கண்ணாடி (நிறம் பிரிவதைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) உள்ள ஸ்கோப்பில் இது வெகுவாகக் குறையும். கடைப் பலகை எழுத்து ஒன்றை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு ஓரத்துக்குக் கொண்டு போங்கள். எவ்வளவு மங்குகிறது என்று கவனியுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்க வேண்டும். ஐபீஸிலிருந்து 15 மி.மீ.க்கு மேல் கண் தள்ளியிருந்தாலும் முழு வட்டம் தெரிகிற மாடல்தான் அவர்களுக்குச் சரி.

பழைய ஸ்கோப் வாங்கினால் முன் லென்ஸ் வழியே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, வேண்டாம். உங்கள் ஸ்கோப்புக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது வரும். நைட்ரஜன் நிரப்பி அடைத்த மாடலில் உட்பக்கம் பனி படராது, ஆனாலும் வெளிக்கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். மழையில் நனைந்தால் துடைத்து, வீட்டில் காற்றாட உலர்த்திய பிறகே பைக்குள் வையுங்கள். கூடவே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். லென்ஸில் மண் துகள் இருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதித் தள்ளிவிட்டு, அதன்பிறகு மட்டும் துணியை எடுங்கள்.