டாக்டரிடம் 'இழுப்பு' என்றால் என்ன புரியும்? கடலூர் பக்கத்துக்காரர்களுக்கு நோய் இங்கிலீஷ்

விடியற்காலையில் கடலூரில் பாண்டி பஸ் ஏறி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு துணிப்பை இருக்கும். பழைய சீட்டு, ஸ்கேன் கவர், மாத்திரை அட்டை எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் என்ன சொல்லப் போகிறோம் என்பது மட்டும் தயாராக இருக்காது. ஜிப்மர் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது, இன்று மத்திய அரசு நிறுவனம், அதனால் நாடு முழுவதிலும் இருந்து நுழைவுத் தேர்வு எழுதி வந்த இளம் டாக்டர்கள் அங்கே இருப்பார்கள். காய்ச்சல், வலி, எத்தனை நாளா என்கிற அளவுக்குத் தமிழ் பழகியிருப்பார்கள். அதற்கு மேல் இங்கிலீஷ்தான் கை கொடுக்கும்.

ஆனால் இங்கிலீஷில் நோயின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டாம். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. நமக்கு வேண்டியது தொல்லையின் பெயர். அதற்கும் முன்னால், நம் தமிழ் வார்த்தை எதைக் குறிக்கிறது என்று நாமே பிரித்துப் பார்க்க வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு ராத்திரியில் இழுப்பு வரும். எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் மூச்சிழுப்பு. கூடப் போன என் தம்பி மனைவியின் ஊரில் இழுப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்கிற வலிப்பு. ஒரு ஆஸ்பத்திரியில் அவள் நல்ல எண்ணத்தோடு 'ஃபிட்ஸ்' என்று சொல்லிவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாரா, சிறுநீர் போனதா, எவ்வளவு நேரம் நினைவில்லை என்று கேள்வி அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்க, பெரியம்மா நெஞ்சில் கை வைத்து "விசில் மாதிரி சத்தம் வருது சாமி" என்றார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார், சீட்டில் 'வீசிங்' என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தை முதலிலேயே எங்களிடம் இருந்திருந்தால் அவரை அவ்வளவு நேரம் மூச்சு வாங்க உட்கார வைத்திருக்க மாட்டோம்.

இப்படி இரண்டு மூன்று அர்த்தம் உள்ள வார்த்தைகளை முதலில் பிரித்து வையுங்கள். மயக்கம் என்கிறோம். தலை சுற்றினால் 'கிடினஸ்', அறையே சுழல்கிற மாதிரி இருந்தால் 'வெர்டிகோ', நினைவு தப்பி விழுந்தால் 'லாஸ் ஆஃப் கான்ஷியஸ்னஸ்', வெறும் அசதி என்றால் 'டயர்ட்னஸ்'. நாலும் நாலு வழி. நெஞ்சு என்று சொன்னால் நெஞ்சு வலியா, நெஞ்சு எரிச்சலா, நெஞ்சு படபடப்பா, நெஞ்சுச் சளியா? 'செஸ்ட் பெயின்', 'ஹார்ட்பர்ன்', 'பால்பிட்டேஷன்', 'காஃப் வித் ஸ்பூட்டம்' என்று வேறு வேறு. பித்தம் என்பதை 'பைல்' என்று பெயர்த்துச் சொன்னால் டாக்டர் பித்தப்பையை நினைப்பார், நாம் சொல்ல வந்ததோ குமட்டல், அதற்கு 'நாசியா', இல்லையென்றால் 'வாமிட்டிங் சென்சேஷன்' என்றாலும் நம் ஊர் டாக்டர்களுக்குப் புரியும். உடம்புச் சூடு என்பதற்கு நேர் வார்த்தை கிடையாது. 'ஹீட்' என்று சொல்லாமல் கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, வாய்ப்புண் என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். நீர்க்கடுப்புக்கு 'பர்னிங் யூரினேஷன்'.

வலியில் நம் தமிழ் ரொம்பப் பணக்காரத் தமிழ், அதை விட்டுவிடாதீர்கள். குத்துவது 'பிரிக்கிங்' அல்லது 'ஸ்டாபிங்', எரிவது 'பர்னிங்', விண் விண் என்று தெறிப்பது 'த்ராபிங்', சுருட்டிப் பிடிப்பது 'க்ராம்ப்ஸ்', மரத்துப் போவது 'நம்ப்னஸ்', எறும்பு ஊர்வது போல இருந்தால் 'டிங்லிங்'. குடைச்சலுக்கு மட்டும் எனக்கு மனசுக்கு ஒத்த வார்த்தை கிடைக்கவில்லை, 'டீப் ஏக்' கொஞ்சம் கிட்டே வருகிறது. நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிற வலி என்றால் 'டைட்னஸ்' என்ற வார்த்தையை உடனே சொல்லுங்கள், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வார்த்தை தேடி நிற்க வேண்டாம், தமிழிலேயே கத்தினாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காதால் கேட்டுத் தவறாகப் புரிந்துகொள்கிற வார்த்தைகள். 'அக்யூட்' என்றால் கடுமை என்று நினைக்கிறோம், அது திடீரென்று புதிதாக வந்தது. 'க்ரானிக்' என்றால் ரொம்ப முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை, நாள்பட்டது. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று கேட்டதும் வார்டு வாசலிலேயே அழுகிறார்கள். இதயம் நின்றுபோனது என்பதல்ல அது, ரத்தத்தைத் தள்ளுகிற வேலையை இதயம் சரியாகச் செய்ய முடியாத நிலை, மருந்தோடு பல வருஷம் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நின்றுபோவது 'கார்டியாக் அரெஸ்ட்'. ரத்தக் குழாய் அடைத்து இதயத் தசை பாதிக்கப்படுவது 'ஹார்ட் அட்டாக்'. நம் பக்கத்தில் சிலர் அதையும் 'ஸ்ட்ரோக்' என்கிறார்கள், ஸ்ட்ரோக் மூளைக்கு வருவது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தால் குறிப்பிட்டுச் சொல்லும்படி குறை எதுவும் தெரியவில்லை என்று பொருள். 'பினைன்' என்றால் புற்றுநோய் அல்லாத கட்டி, 'மாலிக்னன்ட்' என்றால் புற்றுநோய். சீட்டில் 'ரூல் அவுட்' என்று ஒரு பெரிய நோய்ப் பெயர் இருந்தால் பயந்துவிடாதீர்கள், அது இல்லை என்று உறுதி செய்யப் பார்க்கிறார்கள்.

'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டையும் மட்டும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹைப்பர் அதிகம், ஹைப்போ குறைவு. சர்க்கரைக்காரர்களுக்கு 'ஹைப்போ' வந்து வியர்த்துக் கொட்டி நடுங்கும்போது, நினைவு இருந்தால், உடனே சர்க்கரை கரைத்துக் கொடுக்க வேண்டும், அதைச் சர்க்கரை ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டால் ஆபத்து. வார்த்தையின் வாலையும் பாருங்கள். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'பதி' என்றால் அந்த உறுப்பில் கோளாறு. சர்க்கரைக்காரரின் சீட்டில் ரெட்டினோபதி கண்ணுக்கு, நெஃப்ரோபதி சிறுநீரகத்துக்கு, நியூரோபதி நரம்புக்கு.

பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து முதல் வரியைப் படியுங்கள். 'கே/சி/ஓ டி2டிஎம், எஸ்ஹெச்டிஎன்' என்று இருக்கலாம். ஏற்கெனவே டைப் 2 சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர் என்று அர்த்தம். 'சி/ஓ' வந்தால் இப்போதைய தொல்லை, 'ஹெச்/ஓ' என்றால் முன்பு நடந்தது. மாத்திரைப் பக்கத்தில் ஓடி ஒரு வேளை, பிடி இரு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, ஹெச்எஸ் படுக்கும்போது, எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால் மட்டும். இதே 'ஓடி' கண் சீட்டில் வந்தால் வலது கண்! கடலூர் சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வையுங்கள், 'ஓஎஸ்' இடது கண், 'ஓயு' இரண்டும்.

ஊனம் பற்றிய வார்த்தைகளில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். நொண்டி, செவிடு, ஊமை, குருடு என்று தமிழில் சொல்லக் கூசுகிறவர்கள்கூட இங்கிலீஷில் 'ஹேண்டிகேப்டு', 'டெஃப் அண்ட் டம்' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். 'பெர்சன் வித் டிஸபிலிட்டி' என்று சொல்லுங்கள். காது கேளாதவரை 'டெஃப்' என்று மட்டும் சொன்னால் போதும், பேச்சையும் சேர்த்து இழிவு செய்ய வேண்டாம். 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 'மென்டல் ரிட்டார்டேஷன்' என்று இருந்தது, 2016-ல் வந்த சட்டம் 'இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி' என்கிறது, ஆகவே பழைய ஊனச் சான்றிதழில் அந்த வார்த்தை இருந்தாலும் உங்கள் வாயில் வர வேண்டியதில்லை. இதையும் 'மென்டல் இல்னஸ்' என்பதையும் ஒன்றாக்காதீர்கள், முன்னது வளர்ச்சி சார்ந்தது, பின்னது மனநோய். வெண்புள்ளிக்கு 'விட்டிலிகோ'. அதை வெண்குஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களுக்கு வரன் தட்டிப்போயிருக்கிறது, அதற்கும் 'லெப்ரஸி'க்கும் சம்பந்தமே இல்லை, அது தொற்றவும் தொற்றாது.

2016 சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது, இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்பது எல்லைக்கோடு. சான்றிதழ் கைக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே மூன்றைப் பாருங்கள். வகை சரியா, 'லோகோமோட்டர்' என்றால் கைகால் அசைவு சார்ந்தது. சதவீதம் என்ன. 'பர்மனென்ட்' என்று இருக்கிறதா, 'டெம்பரரி' என்று இருக்கிறதா. டெம்பரரி என்றால் அதில் முடியும் தேதி இருக்கும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் வீட்டில் சொல்கிற வார்த்தை, வலப்பக்கம் இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அம்மாவும் அதைச் சொல்ல முடியும். கீழே எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் உள்ளே புதைக்காமல் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், 'அலர்ஜி' என்று தலைப்புப் போட்டு, மாத்திரை அட்டையைப் பார்த்துப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.