ஒற்றை லொகின்: மென்பொருட்களை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிச் சம்பளத்துக்கு முந்தைய நாட்களில் தேயிலைத் தோட்டக் காரியாலயத்துக்குள் போய்ப் பாருங்கள். கிளாக்கர் தலை நிமிர நேரமில்லாமல் இருப்பார். கொழுந்து நிறை ஒரு மென்பொருளில், பிரட்டு வரவு (காலையில் எடுக்கும் வருகைப் பதிவு) இன்னொன்றில், சம்பளம் வேறொன்றில், கொழும்புக்கு அனுப்பும் கணக்கு நான்காவதில். நான்குக்கும் நான்கு பாஸ்வேர்ட். ஹட்டன் பக்கத்தில் நான் போன ஒரு காரியாலயத்தில் நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்கடி நான்கையும் மாற்றச் சொன்னால் அவர் வேறென்ன செய்வார்?

இந்தக் கஷ்டத்துக்கு மருந்துதான் ஒற்றை லொகின். காலையில் ஒரு தடவை அடையாளச் சேர்வரில், அதாவது ஆள் யாரென்று சரிபார்க்கும் மையக் கணினியில், லொகின் செய்கிறீர்கள். அப்புறம் சம்பள மென்பொருளைத் திறந்தால், ‘இவர் இன்னார்தான்’ என்று அடையாளச் சேர்வர் கையெழுத்திட்ட ஒரு துண்டு அங்கே போகிறது. சம்பள மென்பொருள் அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்து உங்களை உள்ளே விடுகிறது. உங்கள் பாஸ்வேர்ட் அதன் கண்ணிலேயே படுவதில்லை. இந்தத் துண்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பொது விதிகள் உண்டு. 2005இல் வந்த சேம்ல் 2.0, 2014இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகிய இரண்டும்தான் அதிகம் புழங்குபவை. நம் இலங்கையில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் அடையாளச் சேர்வர் இரண்டையும் கையாளும். அது திறந்த மூல மென்பொருள் என்பதால் சிறிய கம்பனியும் எடுத்துப் பார்க்கலாம்.

நம்பகமான இணைப்பு என்பது இதற்கு அடுத்த படி. பிரட்டு மென்பொருள் சம்பள மென்பொருளைக் கூப்பிடும்போது, வேலை செய்கிற ஆளின் பெயரையும் சேர்த்தே கொண்டுபோகும். மறுபக்கம் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்காது. யார் செய்தது என்ற பதிவும் கடைசி வரை அதே பெயரில் நிற்கும். என் கண்ணுக்கு இதுதான் பெரிய நன்மை. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசியும் அந்தப் பெயரை வழியில் தொலைக்கிற தவறுகளே.

முதலாவது, இணைப்புக்கென்று ஒரு பொது யூசரை உண்டாக்கி, எல்லா வேலையையும் அதன் பெயரில் ஓட விடுவது. செய்வதற்குச் சுலபம், அரை நாளில் முடிந்துவிடும். ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் தன் சம்பளச் சீட்டோடு வந்தார். 21 கிலோ எடுத்த நாளுக்கு 12 கிலோ என்று இருந்தது. முழுப்பேர் அரைப்பேராகிவிட்டது, அதாவது முழு நாள் சம்பளம் அரை நாள் சம்பளமாகிவிட்டது. மலையகத்தில் அது எவ்வளவு பெரிய நட்டம் என்று நான் விளக்கத் தேவையில்லை. நிறையைத் திருத்தியது யார் என்று பார்த்தால், அந்த மாதத் திருத்தங்கள் அத்தனையும் அந்தப் பொது யூசரின் பெயரில் கிடந்தன. கணக்கப்பிள்ளையா, கிளாக்கரா, கொழும்பில் இருக்கும் யாராவதா? தராசடியில் எழுதிய கொப்பியைத் தேடி எடுத்துத்தான் அவருக்குக் காசைக் கொடுக்க முடிந்தது. அவர் அன்று காரியாலய வாசலில் காத்திருந்த மூன்று மணி நேரத்துக்கும் கூலி இல்லை.

இரவில் தானாக ஓடும் வேலைக்குப் பொது யூசர் வேண்டும்தான். அதற்கு அந்த ஒரு வேலைக்கான அதிகாரம் மட்டும் போதும். மனிதர் செய்யும் திருத்தம் மனிதர் பெயரில் போகட்டும்.

அடுத்தது, நம்பிக்கையை அளவில்லாமல் கொடுப்பது. உள்ளே வந்தவர் யார் என்பதை ஒற்றை லொகின் சொல்லும். அவர் எதைச் செய்யலாம் என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தானே தீர்மானிக்க வேண்டும். பெரிய கம்பனிகள் பாவிக்கும் எஸ்ஏபி மென்பொருளில் நம்பகமான இணைப்பு போடும்போது, எந்தச் சிஸ்டத்திலிருந்து எந்த யூசர் வரலாம் என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அவசரத்தில் அங்கே நட்சத்திரக்குறி போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரக்குறி என்றால் யாரும் வரலாம். அதைவிட மோசம், பரீட்சார்த்தச் சேர்வரை உண்மையான சம்பளச் சேர்வர் நம்பும்படி விடுவது. பரீட்சார்த்தச் சேர்வரில் பாதுகாப்புத் தளர்வாகத்தான் இருக்கும். அங்கே ஒருவர் கணக்காளரின் பெயரில் ஒரு யூசரை உண்டாக்கினால், நேராகச் சம்பளத்துக்குள் போய்விடலாம். கீழே இருக்கும் பரீட்சார்த்தச் சேர்வர் மேலே இருக்கும் உண்மையான சேர்வரை நம்பலாம், மேலே இருப்பது கீழே இருப்பதை நம்பக் கூடாது.

ஆள் மாறும்போது அவருடைய லொகின் கணக்கை மூட மறப்பதும் உண்டு. தோட்டத்து உத்தியோகத்தர்களுக்கு மாற்றம் வந்துகொண்டே இருக்கும். ஆள் தலவாக்கலையிலிருந்து பண்டாரவளைக்குப் போயிருப்பார், பழைய தோட்டத்து அதிகாரம் அவரோடேயே போயிருக்கும். மையத்தில் கணக்கை மூடினாலும் இரண்டு ஓட்டை மிஞ்சலாம்: ஏற்கெனவே திறந்திருக்கும் லொகின் உடனே அறுந்துவிடாது, ஒவ்வொரு மென்பொருளிலும் இருந்த பழைய பாஸ்வேர்ட் லொகினை யாரும் அடைத்திருக்க மாட்டார்கள். இரண்டையும் பாருங்கள்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்றான பிறகு, வெறும் பாஸ்வேர்டோடு நிறுத்துவது ஆபத்து. இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். இங்கே பலர் எஸ்எம்எஸ் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளத்தில் இருக்கும் காரியாலயத்தில் சிக்னல் ஒரு கோடுதான், குறியீடு வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். போனிலேயே 30 செக்கனுக்கு ஒரு தடவை மாறும் குறியீட்டுச் செயலியை வையுங்கள். அதற்குச் சிக்னலே வேண்டாம்.

ஆனால் மணி சரியாக ஓட வேண்டும். பலருக்குத் தலைவலி கொடுத்த விஷயம் இது. விண்டோஸ் வலையமைப்புகளில் புழங்கும் கெர்பரோஸ் என்ற லொகின் சரிபார்ப்பு முறை, வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் மணி வித்தியாசம் இருந்தால் லொகினை மறுத்துவிடும். ஒரு கணினியில் திரையில் மணி சரியாகவே காட்டியது, ஆனால் லொகின் மட்டும் ஆகவில்லை. பார்த்தால் நேர வலயம் டாக்கா என்று இருந்தது. டாக்கா கிரீன்விச் நேரத்துக்கு 6 மணி முன்னால், நாம் ஐந்தரை மணி முன்னால். யாரோ வலயத்தைத் தொடாமல் முள்ளை மட்டும் கையால் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே அரை மணி நேரப் பிழை. வலயத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர என்று வைத்து, மணியைச் சேர்வரிலிருந்து தானாக எடுக்க விட்டதும் சரியாகிவிட்டது.

துண்டில் போடும் கையெழுத்துக்கான சான்றிதழுக்கு முடிவுத் திகதி உண்டு. அது முடிகிற நாள் சம்பள வாரத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு மாதம் முன்னதாகவே, இரண்டு பேருடைய நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கடைசியாக மழை. தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், நோர்வூட் பக்கம் மரம் விழுந்து இணைய லைன் அறுவது புதிதில்லை. அடையாளச் சேர்வர் கொழும்பில் இருந்தால், அன்றைக்கு எல்லா மென்பொருளும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். கொழுந்து நிறுக்கும் கருவி லைன் இல்லாமலும் பதிந்துவைத்து, பிறகு அனுப்புகிற மாதிரி இருக்க வேண்டும். சம்பள மென்பொருளில் ஒற்றை லொகினைச் சாராத ஓர் அவசர யூசரை வைத்து, அதன் பாஸ்வேர்டைக் கவரில் முத்திரையிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, வேலை செய்கிறதா என்று பாருங்கள். திறந்த ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டை மாற்றிப் புதுக் கவரில் வையுங்கள். திறந்தவர் தன் பெயரையும் நேரத்தையும் பெட்டிக்குள் இருக்கும் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.