குண்டு ஏன் கீழே, இடப்பக்கம் விழுகிறது? நண்பர்களோடு திறந்தவெளியில் கைத்துப்பாக்கிப் பயிற்சி

ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே, ஐ-17 நெடுஞ்சாலைக்கு மேற்கில், அரிசோனா மாநில வேட்டை மற்றும் மீன்வளத் துறை நடத்தும் பென் ஏவரி சுடுதளம் இருக்கிறது. தற்காப்புக்காக முதல் கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்டில், அங்கும் சுற்றியுள்ள பாலைவனப் பொதுநிலங்களிலும் ஏறத்தாழ 2,000 தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்தேன். வலக்கையால் சுடும் எனக்கு, 7 கஜத் தொலைவில் வைத்த தாளில் கூட, குண்டுகள் நடுப்புள்ளிக்குக் கீழே இடப்பக்கமாகவே விழுந்தன. குறிபார்க்கும் முனையை மாற்றினேன், பிறகு துப்பாக்கியையே மாற்றினேன், பயனில்லை. கடைசியில் அந்தக் குறையை ஒரே பிற்பகலில் கண்டுபிடித்தவர் என் நண்பர், அதுவும் வெடிமருந்து இல்லாத நான்கு போலித் தோட்டாக்களைக் கொண்டு. மேகசின் எனப்படும் தோட்டாக்கூட்டில் தோட்டா நிரப்பவும், ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியை) இழுத்துத் துப்பாக்கி காலியா என்று பார்க்கவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதுவும் தெரியாதவர்கள் முதலில் ஒரு பயிற்றுநரிடம் அரைநாள் செலவிடுவது நல்லது.

முதல் படி: இடம்

பொதுச் சுடுதளங்கள் பலவற்றில் இடுப்புறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும், விரைந்து சுடுவதற்கும் தடை உண்டு. கிளம்புமுன் விதிகளைப் படித்துவிடுங்கள். நடுவண் அரசின் நிலமேலாண்மை அமைப்பின் கீழுள்ள பாலைநிலங்களில் அனுமதி உள்ள பகுதிகளில் சுடலாம். ஆனால் குண்டை விழுங்கும் உயரமான மண்மேடு இலக்குக்குப் பின்னே இருந்தே தீர வேண்டும். கண்ணாடிப் புட்டிகளை வைத்துச் சுடக் கூடாது. தாள், அட்டை, சுட்டபின் விழும் வெற்றுத் தோட்டா உறை என்று கொண்டுபோன அனைத்தையும் திரும்ப எடுத்துவர வேண்டும். கோடைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் தீத்தடை அறிவிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சகுவாரோ கள்ளியைச் சுடுவது குற்றம் என்பதோடு ஆபத்தும் கூட: 1982-இல் இதே ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு பெரிய சகுவாரோவைச் சுட்டுக்கொண்டிருந்தவர், அதிலிருந்து முறிந்து விழுந்த பாகத்தின் அடியில் நசுங்கி இறந்தார்.

இரண்டாம் படி: யார் என்ன செய்வது

இதே அரிசோனாவின் பால்டன் ஊரில் 1976-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை, ஒவ்வொரு முறையும் ஒருவர் உரக்கச் சொல்லட்டும். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பப்பட்டதே. அழியக் கூடாத எதன் பக்கமும் குழல்முனை திரும்பக் கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது. இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நண்பர்கள் என்பதால்தான் இதில் கண்டிப்பு கூடுதலாக வேண்டும். அரட்டைக்கு நடுவே திரும்பிப் பார்க்கும்போது கையிலுள்ள துப்பாக்கியும் கூடவே திரும்பிவிடும். எங்கள் குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சுடுவார். ஒருவர் அவர் கையைக் கவனிப்பார். மூன்றாமவர் தளப் பொறுப்பாளர். அவர் 'ரேஞ்ச் கோல்ட்' என்றால் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் பின்னால் வந்துவிட வேண்டும். இலக்குப் பக்கம் யாராவது நிற்கும்வரை மேசையை ஒருவரும் தொடக் கூடாது. 'சீஸ் ஃபயர்' (சுடுவதை நிறுத்து) என்று மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம். டூர்னிக்கெட் எனப்படும் குருதியடக்கும் பட்டை எந்தப் பையில் இருக்கிறது, 911-ஐ அழைத்தால் இடத்தை எப்படிச் சொல்வது என்பதை முதல் தோட்டாவுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

காதுக்கு நுரை அடைப்பான், அதன்மேல் மின்னணுக் காதுறை, இரண்டும் வேண்டும். கைத்துப்பாக்கியின் ஓசை 150 டெசிபெலைத் தாண்டும். மின்னணுக் காதுறை வெடியோசையை அடக்கி, பேச்சைக் கேட்கவிடும். பொறுப்பாளரின் குரல் கேட்காத தளத்தில் பயிற்சியே வேண்டாம்.

மூன்றாம் படி: போலித் தோட்டா

நான் இடறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெடியோசையும் உதைப்பும் வரப்போகின்றன என்று உடல் முன்கூட்டியே அஞ்சி, விசை முழுவதும் பின்னால் வருவதற்குள் கை முழுவதையும் இறுக்கி, வலக்கையானால் குழல்முனையை இடப்பக்கம் திருப்பி, மணிக்கட்டைக் கீழே தள்ளிவிடுகிறது. அடுத்த நொடியே உதைப்பு துப்பாக்கியை மேலே தூக்கிவிடுவதால், அந்தத் தாழ்வு சுடுபவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வெடிக்காத தோட்டா ஒன்று நடுவே வந்தால்தான் அது வெளிப்படும்.

சுடுபவர் திரும்பி நிற்க, நண்பர் ஒரு மேகசினில் ஆறு மெய்த் தோட்டாக்களையும் நான்கு போலிகளையும் வரிசை தெரியாதபடி கலந்து நிரப்ப வேண்டும். சில மேகசின்களின் பின்புறத் துளைகளில் போலியின் நிறம் தெரிந்துவிடும். நான் முதல் இரண்டு முறை அறியாமலே அதைப் பார்த்து ஏமாற்றியிருக்கிறேன். ஆகவே இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கைநீட்டி வாங்கிப் பொருத்துங்கள். 5 கஜத்தில், ஒவ்வொன்றாக, நிதானமாகச் சுட வேண்டும். நண்பர் பார்க்க வேண்டியது இலக்கை அன்று, குழல்முனையை. என் முதல் போலியில் 'டிக்' என்ற ஒலியோடு குழல்முனை இரண்டு விரற்கடை தாழ்ந்தது. துப்பாக்கியைக் குறை சொல்லிவந்த எனக்கு அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை.

'டிக்' என்று கேட்டதும் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, குழல்முனையை இலக்கை நோக்கியே வைத்து முப்பது எண்ணுங்கள். அது தாமதமாக வெடிக்கும் மெய்த் தோட்டாவாகவும் இருக்கலாம். பிறகு ஸ்லைடை இழுத்து வெளியேற்றுங்கள். வெளியே வந்தது போலியா மெய்யா என்று நண்பர் சொல்லட்டும். மெய்யானால் அதை மீண்டும் நிரப்பாமல் ஒதுக்கிவையுங்கள்.

குறை தெரிந்தபின் திருத்தும் வேலை வீட்டில்தான் நடக்கும். தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டி, துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்து, உறுதியான சுவர் இருக்கும் பக்கம் குறிவைத்து, முன்குறியின்மேல் நண்பர் வைக்கும் ஒரு நாணயம் விழாதபடி விசையை அழுத்திப் பழகுங்கள். துணைக்கை இறுகப் பற்ற, விசைக்கையின் மற்ற விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது. நாள்தோறும் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் செய்தபின் என் குண்டுகள் நடுவுக்கு வந்தன.

கருவிகளைப் பொறுத்தவரை என் விருப்பங்கள் பிடிவாதமானவை. போலிகளில் உலோகத்தாலானதை வாங்குங்கள்; பிளாஸ்டிக் போலிகளின் விளிம்பு விரைவில் பிய்ந்துவிடுகிறது. தொடக்கத்துக்கு ரூகர் மார்க் 4 போன்ற .22 துப்பாக்கி, அடுத்து கிளாக் 17 போன்ற முழு அளவு 9 மி.மீ. சட்டைப்பையில் அடங்கும் சிறு துப்பாக்கிகளின் உதைப்பு, அச்சத்தை வளர்க்கவே உதவும்.

நான்காம் படி: தற்காப்புக்கான பயிற்சி

உறையிலிருந்து உருவுவதை இப்போது தொடவே வேண்டாம். துப்பாக்கியை இரு கையாலும் பற்றி, 45 பாகை தாழ்த்தி, விரலை விசையில் வைக்காமல் துப்பாக்கியின் உடற்சட்டத்தின்மேல் வைத்து நில்லுங்கள். அருகருகே நான்கு அட்டைகளில் 1 முதல் 4 வரை எழுதி ஒட்டிவிட்டு, நண்பர் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும்; சொன்ன அட்டையில் மட்டும் இரண்டு குண்டுகள். இடையிடையே அவர் 'ஏழு' என்பார். ஏழாம் அட்டை இல்லை. எனவே துப்பாக்கி எழவே கூடாது. தற்காப்பில் சுடாமல் இருக்கத் தெரிவதே பாதி வேலை. எங்கள் குழுவில் மிகவும் திறமையானவரே இதில்தான் அதிகம் தவறினார். நேரம் அளக்கும் கருவியை ஆறு மாதத்துக்குப் பையிலேயே வைத்திருங்கள்.

முடிந்ததும் உண்பதற்கு முன் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கை, முகம் கழுவுங்கள். ஈயத்தூள் உடையிலும் காலணியிலும் ஒட்டிவரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் காலணியை வாசலிலேயே விடுங்கள்.

பிற்சேர்க்கை 1: எச்-1பி, எஃப்-1 விசாவில் உள்ள நண்பர்களை அழைத்துச் செல்லலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 1998-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. இங்கே வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது முக்கியமான விதிவிலக்கு. உங்கள் கையிலுள்ள துப்பாக்கியை வாங்கி ஒருமுறை சுட்டுப் பார்ப்பதும் இந்தத் தடையில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். அதுவரை நண்பர் வேடிக்கை பார்க்கட்டும்.

பிற்சேர்க்கை 2: 'டிக்' ஒலிக்குப் பதிலாக மெல்லிய 'புஸ்' ஒலி மட்டும் வந்து, உதைப்பும் குறைவாக இருந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது போலி அன்று. மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து, கழற்றி, குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.